வெளுத்த பின்

பெக்கலோங்கானில் ஆற்றுக்கு அன்றாடம் ஒரு நிறம்.
செவ்வாய் மஞ்சள், புதன் கருநீலம்.
எந்தப் பட்டறைக்கு எந்த ஊர் ஆர்டர் என்று
தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவான்
பாலத்தடியில் இறால் வலை உலர்த்தும் சுரோசோ.
பௌர்ணமிக்குக் கடல் ஏறினால்
அந்த நிறம் வீட்டுக்குள்ளும் வரும்.
சுவரில் முழங்கால் உயரத்துக்கு
ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும்.

விகாத்திக்கு நிறம் வேண்டாம், சேறு போதும்.
சாயக்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கி
தகரக் கரண்டியால் தோண்டினாள்.
அழுகிய முட்டை வாடை.
முப்பது வருஷம் சாயம் குடித்த மண்ணில்
எதுவும் பிழைத்திருக்காது என்றார்கள்.
பிழைத்தவை இருந்தன.
பெயர் தெரியாததால் புட்டியில்
'பாலத்தடி, ஏழு' என்று எழுதி ஒட்டினாள்.

ரப்பர் மூடி. காற்று நுழையக் கூடாது.
உள்ளே சிவப்புச் சாயம், சேறு,
தின்னக் கொஞ்சம் பனைவெல்லம்.

காற்றில்லாத இடத்தில் தின்பதில் ஒரு தொல்லை உண்டு:
மிஞ்சும் எலக்ட்ரானை
யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.
நமக்கு ஆக்சிஜன் வாய்த்தது,
நன்றிகூடச் சொல்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.
பாக்டீரியாவுக்கு வாய்த்தது இந்தச் சிவப்பு.
இரண்டு நைட்ரஜன்கள் கைகோத்து நிற்குமிடம்
(நிறமே அந்தக் கைகோப்பில்தான்)
அங்கே ஒன்று, இன்னொன்று,
நான்காவதும் ஏற்றிவைக்கப்
பிடி விட்டுப்போகிறது.
கருணை என்று எழுத ஆசைதான்.
மூச்சு முட்டியபோது நடந்த காரியம், அவ்வளவே.

மூன்றாம் நாள்
ஏழாம் புட்டியின் வழியே ஜன்னல் தெரிந்தது,
ஜன்னலுக்கு அப்பால் மோட்டார் சைக்கிள்களும்.
பட்டறைக்காரர் ஹெர்லம்பாங் வந்தார்,
வெளிச்சத்தில் தூக்கிப் படம் எடுத்தார்.
"குடிக்கலாம் போலிருக்கே."
சாயந்தரத்துக்குள் பேனர் அடித்துவிட்டார்.

சாயம் வெளுத்தால் குட்டு வெளிப்படும் என்பது
எங்கள் பக்கத்துப் பேச்சு.
அங்கே சாயம் வெளுத்த பின்தான்
குட்டு ஒளிந்துகொண்டது.

சிவப்புத் தண்ணீரில் இருபது நீர்த்தெள்ளுகளை விட்டாள்:
மறுநாள் பதினான்கு உயிரோடு.
தெளிந்த தண்ணீரில் இருபது:
மூன்று.
லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள்.
மூன்றுதான்.
பிடி விட்ட கைகள் இரண்டும்
தண்ணீருக்குள்ளேயே இருந்தன.
அமீன் என்று பெயர்; நிறம் கிடையாது.
நிறம் இல்லாததைக் கண்டு
யாரும் ஒதுங்கி நடப்பதில்லை.

"பேனரைக் கழற்றுங்கள்" என்று போன் செய்தாள்.
"கண்ணுக்குத் தெரியாததை யாரம்மா கேட்கப் போகிறார்கள்?"

அவள் பதில் சொல்லவில்லை. மூடியைத் திறந்தாள்.
காற்றுப் பட்டதும் தெளிந்த தண்ணீர்
தேநீர் நிறத்துக்குப் போயிற்று.
மீன்கடையில் ஒரு காற்று பம்பு வாங்கினாள்,
கண்ணாடித் தொட்டிகளில் குமிழி விடுமே, அது.
ஆற்றின் மேல்மண்ணிலிருந்து வேறு கூட்டம் கொண்டுவந்தாள்,
காற்றிருந்தால் மட்டும் பசிக்கிற கூட்டம்.
அமீனின் வளையத்தைக் கடித்துத் திறக்க
அவற்றுக்குப் பதினோரு நாள் பிடித்தது.
ஐந்தாம் இரவு கடல் ஏறி மின்சாரம் போயிற்று.
மேஜைமேல் கால்மடக்கி உட்கார்ந்து
விடியும்வரை கையால் குலுக்கினாள்,
நடுவில் ஒருமுறை
பலாக்காய்ச் சோறு பிரித்துச் சாப்பிட்டதைத் தவிர.

பன்னிரண்டாம் நாள் ஹெர்லம்பாங் வந்து பார்த்தார்.
முகம் சுளித்தார்.
"போன தடவை எவ்வளவு சுத்தமா இருந்துச்சு!"
மங்கல் போகவில்லை, உண்மைதான்.
வண்டல் வேறு.
படம் எடுக்கத் தோன்றாத தண்ணீர்.

லென்ஸை அவர் பக்கம் தள்ளினாள்.
போன் வந்தது, வெளியே போய்விட்டார்.
அன்றைக்கு ஆறு பச்சை; பள்ளிச் சீருடை ஆர்டர்.

அவளே குனிந்தாள்.
பதினேழு வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.
ஒன்றின் முதுகில்,
தோலுக்குள்ளே,
முட்டைகள்.